மூன்று ஹாரன்

உங்கள் படிவத்தில் கடைசிக் கேள்விக்கு மூன்று கோடுதான் விட்டிருக்கிறீர்கள். ‘பிற கருத்துகள் இருப்பின் எழுதவும்’ என்று போட்டுவிட்டு மூன்று கோடு விட்டால், பிள்ளை பெற்ற ஒருவன் அதில் எதை எழுதுவான்? அதனால் சின்ன மகள் புனிதாவின் கணித நோட்டிலிருந்து சில தாள்களைக் கிழித்து இணைத்திருக்கிறேன். கட்டம் போட்ட தாள். என் கையெழுத்து கட்டத்துக்குள் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மற்றப் பதினேழு கேள்விகளுக்கும் நீங்கள் சொன்னபடி வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். ‘தேர்வு பிள்ளைகளின் மனத்தைப் பாதிக்கிறது’ என்ற இடத்தில் ‘மிகவும் உடன்படுகிறேன்’. ‘தேர்வு இல்லாவிட்டால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள்’ என்ற இடத்திலும் ‘மிகவும் உடன்படுகிறேன்’. காம்பார் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உங்கள் பேராசிரியர் இதைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் யோசிக்காமல் கறுப்படித்திருக்கிறான் என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. யோசித்துத்தான் அடித்தேன். இரண்டும் உண்மை. வீட்டில் ஆரம்பப் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருக்கும் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

பெயர் எழுத வேண்டாம் என்று போட்டிருக்கிறீர்கள். அதனால் என்ன, உங்களுக்கு என்னைத் தெரியாதா? லகாட் தாண்டி மேட்டுத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு வேன் ஓட்டும் உடையப்பன். அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பதினைந்து வருடமாக நான்தான் தலைவர். தோட்டம் என்பது பெயரில்தான் இருக்கிறது. ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், செம்பனையைப் பாதி வெட்டித் தாமான் என்று வரிசை வீடு கட்டினார்கள். நீங்கள் சின்னப் பெண்ணாக உங்கள் அத்தா ஹுசைனின் தேநீர்க் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது, ஆஃப்ஷீன். நன்றாகப் படித்து இன்றைக்குப் படிவத்தோடு வந்து நிற்கிறீர்கள். பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

என்னை எழுத வைத்தது உங்கள் பன்னிரண்டாவது கேள்வி. ‘தேர்வினால் பாதிக்கப்பட்ட மாணவர் எவரையேனும் நேரில் அறிவீர்களா?’ ஆம் என்று கறுப்படித்தேன். எப்படிப் பாதிக்கப்பட்டார் என்று கேட்க ஓர் இடம் விட்டிருக்க வேண்டும் நீங்கள். ஆய்வு செய்கிறவர்கள் இதையெல்லாம் கவனிக்க வேண்டும். ‘தகவல்கள் இரகசியமாக வைக்கப்படும்’ என்று மேலே அச்சடித்திருப்பதால் நானே அந்த இடத்தை உண்டாக்கிக்கொள்கிறேன்.

பதினோரு வருடத்துக்கு முந்திய கதை. அப்போது ஆறாம் ஆண்டு முடிவில் யூ.பி.எஸ்.ஆர். இருந்தது. நாடு முழுக்க எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில், ஒரே கேள்வித்தாளில் எழுதுவார்கள். தமிழ்ப்பள்ளிக்கு ஏழு தாள். ஏழிலும் ஏ எடுத்தால் ஊரே கொண்டாடும். எங்கள் பக்கத்தில் பரீட்சையைச் சோதனை என்றுதான் சொல்வோம். சாமி நமக்குக் கொடுக்கிற கஷ்டத்துக்கும் அதே சொல்தான். பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள், இப்போது மறுபடியும் ஏதோ ஒரு பெயரில் வருகிறது என்கிறார்கள்.

நான் அன்றைக்கே அதை எதிர்த்தவன். சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தராசில் வைத்து நிறுப்பது பாவம் என்றேன். கைதட்டினார்கள். தலைமையாசிரியர் இராமசாமி சார்கூடக் கைதட்டினார். கூட்டம் முடிந்ததும் நேராக ஈப்போவுக்குப் போய், மூத்த மகள் தினேஸ்வரிக்கு ஒரு பை நிறையப் பயிற்சிப் புத்தகம் வாங்கிவந்தேன். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. சோதனை கெட்டது. கெட்டது இருக்கிற வரைக்கும் என் பிள்ளை அதில் முதலில் வந்துவிட வேண்டும். வந்த பிறகு அதை ஒழித்துவிடலாம்.

அந்த வருடம் ஆறாம் ஆண்டில் பதினோரு பிள்ளைகள். அதில் ஒருத்தி பிரமிளா. அவள் அம்மா நல்லம்மாள் கையுறைத் தொழிற்சாலையில் மாற்றுநேர வேலை பார்த்தாள். அப்பா எங்கோ போய்விட்டார், எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இடிக்காமல் விட்ட பழைய தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் தாயும் மகளும் இருந்தார்கள். பிரமிளா பயந்த சுபாவம். சோதனை என்றால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சிவந்து கிடக்கும். வேனில் ஏறும்போதே உதடு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். கண்ணாடியில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தச் சோதனை இந்தப் பிள்ளையைத் தின்றுவிடும் என்று எனக்குத் தோன்றும். மெய்யாகவே பாவமாக இருக்கும்.

அந்தப் பிள்ளையைச் சோதனையிலிருந்து காப்பாற்றியது நான்தான். முதல் தாளிலிருந்து மட்டும். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

காப்பாற்றினேன் என்றதும் அவள் படிப்பில் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஜூலை மாதம் வைத்த முன்னோட்டச் சோதனையில் தினேஸ்வரி ஐந்து ஏ, இரண்டு பி. ஈப்போவில் மூன்று டியூஷன், சனி ஞாயிறு தவறாமல். பிரமிளா ஏழு ஏ. டியூஷன் கிடையாது. மங்கிய விளக்கில், பள்ளி இலவசமாகக் கொடுத்த புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏழு ஏ. எனக்குப் பொறாமை இல்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். பெற்றவன் எவனுக்கும் எரியும்.

“இந்தப் பள்ளிக்கூடத்துல மொத ஏழு ஏ, உடையப்பன். ஆரம்பிச்சு எழுபது வருஷத்துல மொத தடவ,” என்றார் இராமசாமி சார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்படியே எழுதுனா அஸ்ராமா பள்ளியில தங்கிப் படிக்க எடம் கெடைச்சிரும். அந்தப் புள்ளையோட தலையெழுத்தே மாறிடும் லா. சாலை முனையில பேனர் போடணும், படத்தோட. நீங்கதான் தலைவரு, ஏற்பாடு பண்ணுங்க.”

பண்ணுகிறேன் சார் என்றேன். பேனர் போட எனக்கு ஆட்சேபணை இல்லை. அதில் எந்த முகம் என்பதுதான் விஷயம். தினமும் காலையில் என் வேனில் தினேஸ்வரி முன் இருக்கையில் உட்கார்ந்து வர, எதிரே அந்தப் பேனர் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். தகப்பனாக எனக்கு அது சரியாகப் படவில்லை. தவிரவும், பயந்த பிள்ளையை ஊர் நடுவே படம் போட்டுத் தொங்கவிடுவது அவள் சுபாவத்துக்கு நல்லதா என்றும் யோசித்தேன். இரண்டையும் யோசித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பள்ளி மண்டபத்தில் பாத பூசை. உங்களுக்குப் பழக்கம் இருக்காது. எங்கள் தமிழ்ப்பள்ளிகளில் பெரிய சோதனைக்கு முன்னால் பிள்ளைகள் பெற்றோரின் காலைத் தாம்பாளத்தில் வைத்து, பால் ஊற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூப் போட்டு, விழுந்து கும்பிடுவார்கள். பெற்றோர் அட்சதை போட்டு வாழ்த்துவார்கள். எல்லாரும் அழுவார்கள். கேள்வித்தாளுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நானும் கேட்டதில்லை. அன்றைக்கு நல்லம்மாளுக்கு வேலை. பிரமிளா கையில் ரோஜா இதழை வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் தனியாக நின்றாள்.

யாரும் சொல்லாமலே கூப்பிட்டேன். “இங்க வாமா. நானும் ஒனக்கு அப்பா மாதிரிதானே. என் காலக் கழுவு.”

வலது காலைத் தினேஸ்வரி கழுவினாள். இடது காலைப் பிரமிளா கழுவினாள். தினேஸ்வரி கடனே என்று தண்ணீரைத் தெளித்துவிட்டுத் துடைத்தாள், அவளுக்கு என் காலைப் பிடிக்காது. பிரமிளா குனிந்து, வேன் பெடல் மிதித்துக் காய்த்துப்போன குதிகாலைத் தேய்த்து, விரல் இடுக்கில்கூட விரலை விட்டுக் கழுவினாள். பிறகு விழுந்து கும்பிட்டு அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள். முதுகு குலுங்கியது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் எல்லாரும் என் இடது காலைத்தான் பார்த்தார்கள். அங்கேயும் அவள்தான் முதல். நான் அட்சதை போட்டு, “நல்லா எழுதுமா,” என்றேன். அப்போது மனதார அதைச் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் மனம் மாறியது. வலது கால் ஈரமாகவே இருந்தது, செருப்பு வழுக்கியது.

இனி செவ்வாய்க்கிழமை. முதல் நாள், முதல் தாள் மலாய் கருத்துணர்தல். காலை எட்டேகாலுக்கு.

என் வேன் போகும் வழியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் முதலில் ஏற்றுவது பிரமிளாவைத்தான், பிறகுதான் தாமான் பிள்ளைகள். லயத்துக்குப் போகும் மண்சாலை மோசம், வேன் உள்ளே போனால் அச்சு போய்விடும். அதனால் பெரிய சாலையில், மண்சாலை முனையில் நிறுத்தி மூன்று ஹாரன் அடிப்பேன். அந்த இருட்டில், செம்பனைக்கு நடுவே, மூன்று ஹாரன் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். கேட்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடி வருவாள். முனையில் வந்து நிற்கக் கூடாது, நாய் கடித்துவிடும், ஹாரன் கேட்ட பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும் என்று நல்லம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். பிரமிளா சொன்னதைக் கேட்கும் பிள்ளை. ஆறு வருடம் இப்படித்தான் நடந்தது.

அன்று காலை ஆறு நாற்பதுக்கு அந்த முனையைத் தாண்டினேன். நிறுத்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை, வழக்கமான வேகம்தான். வேனில் வேறு யாரும் இல்லை. இவ்வளவுதான் நான் செய்தது. சொல்லப்போனால் நான் எதையுமே செய்யவில்லை. ஒரு பொத்தானை மூன்று முறை அழுத்தாமல் இருந்தேன். இதற்கெல்லாம் ஒரு சட்டம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, உங்கள் பேராசிரியருக்குத் தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

ஏழே முக்காலுக்கு இராமசாமி சார் கூப்பிட்டார். “உடையப்பன், பிரமிளா எங்க?”

“ஹாரன் அடிச்சேன் சார், மூணு தடவ. வரல. அம்மாகூட மோட்டார்சைக்கிள்ல வந்திருப்பானு நெனச்சேன்.”

“அம்மா நைட் ஷிப்ட்ல இருக்காங்க. ஃபோன லாக்கர்ல வச்சிருக்காங்க போல, எடுக்கல. நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்களேன். அரை மணி நேரம் லேட்டானாலும் உள்ள விடுவாங்க. சீக்கிரம் லா.”

போகிறேன் என்று சொல்லி வேனை எடுத்தேன். உங்கள் அத்தாவின் கடை வரை போனேன். அங்கே நிறுத்தி ஒரு தே தாரிக் சொன்னேன். வெயில் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. ஹுசைன் கோப்பையை வைத்துவிட்டு, “இன்னிக்குப் புள்ளைங்களுக்குப் பரீட்சையாச்சே, அண்ணே இங்க உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டார். “பரீட்சை புள்ளைங்களுக்குத்தானே பாய், நமக்கு இல்லையே,” என்றேன். இருவரும் சிரித்தோம். எட்டரைக்குச் சாரைக் கூப்பிட்டு, “வீடு பூட்டியிருக்கு சார்,” என்று சொன்னேன். போய்ப் பார்க்கவில்லைதான். ஆனாலும் அது பொய் இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் வீடு பூட்டித்தான் இருந்திருக்கிறது.

ஏனென்றால் அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஏழே முக்கால் வரை படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, செம்பனைக்குள் குறுக்கு வழியில் ஐந்து கிலோமீட்டர். முந்திய நாள் மழை. ஒன்பதேகாலுக்குப் பள்ளி வாசலில் வந்து நின்றபோது வெள்ளைக் காலணி சிவப்பாக இருந்தது. கையில் பேனா பென்சில் வைத்த கண்ணாடிப் பை, அதில் பாத பூசையில் வைத்துக் கொடுத்த குங்குமப் பொட்டலம். முதல் தாளை அப்போது கட்டி முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“வேன் வரல சார்,” என்றாள்.

“அங்கிள் வந்து ஹாரன் அடிச்சிருக்காரேம்மா.”

“அங்கிள் வராம இருக்க மாட்டாங்கன்னுதான் சார் ஒக்காந்திருந்தேன்.”

இந்தப் பதிலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். என்மேல் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நெகிழ்ந்துவிட்டேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இராமசாமி சார் அதைப் பார்த்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

மீதி ஆறு தாளையும் அவள் எழுதினாள். ஆறிலும் ஏ. முதல் தாளுக்கு மட்டும் ‘வரவில்லை’ என்று வந்தது. மலாய் கருத்துணர்தலில் மதிப்பெண் இல்லாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேராக இடைநிலைப் பள்ளியின் முதல் படிவம் போக முடியாது, புகுமுக வகுப்பு என்று ஒரு வருடம் கூடுதலாக இருக்க வேண்டும். மலாய் தெரியாத பிள்ளைகளுக்கான வகுப்பு அது. அஸ்ராமா என்ற பேச்சுக்கே இடமில்லை. லயத்துக்கு எதிரே இருந்த மலாய்க் கம்பத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த பிரமிளாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. என் தினேஸ்வரியே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பாள்.

சார் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார். அதற்குத் தக்க காரணம் வேண்டும். “ஹாரன் கேக்கலன்னு எழுத முடியாதே. காதுல கோளாறுன்னு டாக்டர் லெட்டர் இருந்தா பேசலாம்,” என்றார். நல்லம்மாளுக்கும் அப்படித்தான் பட்டது. மூன்று ஹாரன் கேட்காத பிள்ளைக்குக் காதில் ஏதோ இருக்க வேண்டும் அல்லவா. அதற்குள் மகளைப் பிரம்பால் அடித்துக் காலெல்லாம் தடிப்பு. அடித்த பிறகு அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

“அண்ணே, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு இருக்கேன். காதக் காட்டணும்.”

நான்தான் வேனில் அழைத்துப் போனேன். நாள் பூராவும் காத்திருந்தேன். வேறு யார் போவார்கள்? அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டி, சின்னச் சின்னச் சத்தமாகக் கொடுத்தார்கள். கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தைக் கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள், தூக்கினாள், தூக்கிக்கொண்டே இருந்தாள். அதுவும் ஒரு சோதனைதானே, தவறாமல் எழுதினாள். இரண்டு காதும் மிக நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளோடு காரணமும் போய்விட்டது.

அன்றைக்கு நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வேன் பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். என் பெயருக்குக்கூடக் கெடுதல் வந்திருக்காது. வேன் ஓட்டுநரின் தவறு என்று சார் எழுதியிருப்பார், அவள் முதல் படிவம் போயிருப்பாள். இதை நான் யோசித்தேன். ஆனால் மூன்று ஹாரன் அடித்தேன் என்று ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. சங்கத் தலைவர் வார்த்தை மாறினால் பிள்ளைகளுக்கு அது என்ன பாடம்?

திரும்பி வந்து மண்சாலை முனையில் இறங்கியதும் பிரமிளா என் பக்கத்துக் கண்ணாடியண்டை வந்து நின்றாள்.

“அங்கிள், மன்னிச்சிருங்க. நீங்க அடிச்சிருக்கீங்க. நான்தான் பயத்துல சரியா கேக்கல போல.”

“பரவால்லமா,” என்றேன். அவளை மன்னித்துவிட்டேன். இன்றுவரை அதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

முடிவு வந்தபோது தினேஸ்வரிக்கு நாலு ஏ. முன்னோட்டத்தில் ஐந்து எடுத்தவள், மூன்று டியூஷன் போனவள், எப்படி நாலுக்கு இறங்கினாள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. முதல் தாளில்தான் மிகவும் சறுக்கியிருந்தாள். சோதனை பிள்ளைகளின் உண்மையான திறமையைக் காட்டாது என்று நான் சொல்வது இதனால்தான், உங்கள் ஏழாவது கேள்விக்கு அப்படியே கறுப்படித்திருக்கிறேன். ஆறு ஏ எடுத்தவளுக்குத்தான் முதல் பரிசு கொடுக்க வேண்டும் என்று சார் சொன்னார். எல்லாத் தாளையும் எழுதியவர்களுக்குத்தான் பரிசு என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு, அதை நான் நினைவுபடுத்தினேன். நான் எழுதிய விதிதான். விதி என்று ஒன்று இருந்தால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வருடம் கோப்பையைத் தினேஸ்வரிக்கு மேடையில் என் கையாலேயே கொடுத்தேன். பேனர் போடவில்லை, நாலு ஏவுக்கு யாரும் பேனர் போட மாட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்பை வேனின் கடைசி இருக்கைக்கு அடியில் கிடந்தது. மறந்திருப்பாள் என்று எடுத்துக் கொடுத்தேன். மறுநாளும் அங்கேயே கிடந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது உருளும், சத்தம் கேட்கும்.

பிரமிளா புகுமுக வகுப்புக்குப் போனாள். தெரிந்த மலாயையே ஒரு வருடம் மறுபடி படித்தாள். அதற்குப் பிறகு படிப்பில் மனம் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். மூன்றாம் படிவத்தோடு நின்று, அம்மா வேலை செய்த தொழிற்சாலைக்கே போனாள், பதினெட்டு வயதுக்குள் கல்யாணம். இப்போது ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. எங்கள் பள்ளியிலேயே பாலர் வகுப்பு. என் வேனில்தான் வருகிறது, அதே மண்சாலை முனையிலிருந்து.

நான் ஆறு நாற்பதுக்குப் போவேன். பிரமிளா ஆறு மணிக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து முனையில் நிற்கிறாள். அந்த இருட்டில், கையில் நாய்க்கு ஒரு குச்சி. மழை என்றாலும் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். “ஏம்மா இவ்வளவு சீக்கிரமா? நான் ஹாரன் அடிப்பேனே,” என்று கேட்டேன். “இல்ல அங்கிள், எனக்குச் சில நேரம் கேக்காது, ஒங்களுக்குத்தான் தெரியுமே,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். குழந்தை கெட்டிக்காரி. ஏறியதும் வணக்கம் சொல்லும், தாமான் வரும்வரை சாலையில் உள்ள பலகையெல்லாம் மலாயில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வரும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்த வருடம் செப்டம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை நான் ஹாரன் அடிக்கவில்லை. தெரிந்துதான் அடிக்கவில்லை. பிரமிளாவின் காதில் குறை எதுவும் இல்லை. இதை உங்கள் ஆய்வில், பெயர் போடாமல், சேர்த்துக்கொள்ளலாம்.

மேலே ஓர் இடத்தில் வேனில் வேறு யாரும் இல்லை என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். நான் சொன்னது, வெளி ஆள் யாரும் இல்லை என்று. தினேஸ்வரி இருந்தாள், என் பக்கத்தில், முன் இருக்கையில். முனையைத் தாண்டியதும், “அப்பா, பிரமிளா,” என்றாள். “நேரமாச்சு. நீ பெரிபாஹாசாவப் பாரு,” என்றேன். மலாய்ப் பழமொழிப் புத்தகம் மடியில் இருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். பள்ளி வரும்வரை ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. மாலையில் இராமசாமி சார் எங்கள் வீட்டுக்கே வந்து, “நீயும் வேன்ல இருந்தியேமா, அப்பா ஹாரன் அடிச்சாரா?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். “அடிச்சாங்க சார். மூணு தடவ,” என்றாள். அப்படிச் சொல்ல நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அவள் லூமுட்டில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள். நல்ல பிள்ளை, தீபாவளிக்குத் தவறாமல் வருவாள். பஸ் பெரிய சாலையில் இறக்கிவிடும், அங்கிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். நான் வேனைக் கொண்டுபோய் நிறுத்தி, மூன்று ஹாரன் அடித்துக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். கையில் பெட்டியோடு ஓரமாக நடந்தே வருவாள், நான் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவேன். பதினோரு வருடமாக என் வேனில் அவள் ஏறியதில்லை. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.